புளித்த கோஸ் பீத்தா: செக்கா, கிரேக்கமா?

9 பிப்ரவரி 2025, மாலை. டப்ளினிலிருந்து ஒரு வாசகி கேட்டது:

"கிரேக்கக் கீரைப் பையை (pie), தாள் போல மெல்லிய அந்த ஃபிலோ மாவு இல்லாமல் செய்ய முடியுமா? கடையில் வாங்கிய பஃப் பேஸ்ட்ரியில் செய்து பார்த்தேன். மேலே அழகாக உப்பியது, அடியில் கூழ். செக் நாட்டுக் கிரேக்கர்கள் புளித்த முட்டைக்கோஸ் வைத்து ஒரு பை செய்வார்களாமே, அது கிரேக்கச் சமையலா, செக் சமையலா? செக் நாட்டுப் பிர்னோ நகரில் இருப்பவர் யாராவது சொல்லுங்கள்."

9 பிப்ரவரி, இரவு 10.40

பிர்னோக்காரன் வந்துவிட்டேன். பதினோரு வருஷமாக இங்கேதான்.

இரண்டாவது கேள்விக்கு ஒரே வரி: மாவு கிரேக்கம், உள்ளே இருப்பது செக். இதில் விவாதிக்க ஒன்றுமில்லை. மெல்லிய மாவுத் தாள் கிரேக்கர்களுடையது, புளித்த கோஸ் செக்காரர்களுடையது. இரண்டும் ஒரே தட்டில் சந்தித்ததற்கு, உள்நாட்டுப் போரின்போது 1948-ல் இங்கே வந்த கிரேக்க அகதிகள் காரணம்.

எனக்கு இது தெரிந்தது புத்தகத்தில் படித்து அல்ல. எங்கள் பனெலாக்கில் (இங்கே அடுக்குமாடிக் குடியிருப்பை அப்படித்தான் சொல்வார்கள், கான்கிரீட் பலகைகளை நிறுத்தி வைத்துக் கட்டியது) ஆறாம் மாடியில் ஒரு கிரேக்கப் பாட்டி இருக்கிறார். எண்பத்தைந்து வயது. நாலு வருஷத்துக்கு முன்னால் லிஃப்ட் ரிப்பேரான வாரம், அவருடைய உருளைக்கிழங்கு மூட்டையை மேலே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். மறுநாள் கதவைத் தட்டி ஒரு தட்டை நீட்டினார். நத்தை ஓடு போலச் சுருண்ட ஒரு பை. வெட்டினால் சரசரவென்று தாள் தாளாக உதிர்கிறது, உள்ளே வெளிர்மஞ்சளாகக் கோஸ், புளிப்பு, ஏதோ ஒரு விதையின் வாசனை. அன்றிலிருந்து அவர் எங்களுக்கு யாயா. கிரேக்கத்தில் பாட்டியை அப்படித்தான் கூப்பிட வேண்டுமாம்.

பஃப் பேஸ்ட்ரி பற்றி நாளைக்கு எழுதுகிறேன். தூக்கம் வருகிறது.

10 பிப்ரவரி, மதியம்

டப்ளின் அம்மணி, அந்தக் கூழ் எனக்கும் நடந்ததுதான்.

செக் கடையில் போய் "தாள் மாதிரி மாவு" என்று கேட்டால் லிஸ்தோவே த்யெஸ்தோ என்று ஒரு சுருளை எடுத்துக் கொடுப்பார்கள். லிஸ்த் என்றால் இலை. கிரேக்கத்தில் ஃபிலோ என்றாலும் இலைதான். ஆகா, பெயர் பொருந்திவிட்டது என்று வாங்கி வந்தேன். ஆனால் லிஸ்தோவே என்பது பஃப் பேஸ்ட்ரி. கொழுப்பை மாவுக்குள் வைத்து மடித்து மடித்துச் செய்வது. அந்த அடுக்குகள் தனித்தனியாக எழும்ப உள்ளேயிருந்து ஆவி கிளம்ப வேண்டும். மேலே அரைக் கிலோ ஈரக்கீரையை ஏற்றி உட்கார வைத்தால் எங்கே எழும்பும்?

நான் போட்டது ஈரக்கீரை கூட இல்லை. உறைந்த கீரைக் கட்டி. இந்த ஊரில் கீரை என்றால் முக்கால்வாசிப் பேருக்கு அந்த அரைத்த பச்சைக் கட்டிதான். பூண்டு போட்டுக் கொதிக்க வைத்து, உருளைக்கிழங்கு உருண்டையோடு சாப்பிடுவதற்கு நன்றாகவே இருக்கும். பைக்குள் வைத்தேன். ஓவன் கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் பச்சைத் தண்ணீர் தட்டின் ஓரத்தில் ஓடுகிறது. அதைக் கரண்டியால் சாப்பிட்டோம். என் மனைவி அதற்குச் சூப் என்று பெயர் வைத்துவிட்டாள்.

ஃபிலோவுக்கு நெருங்கிய சொந்தம் இங்கே வேறொன்று: தாஷெனே த்யெஸ்தோ. இழுத்த மாவு. ஆப்பிள் ஸாவினுக்கு, அதாவது ஸ்ட்ரூடலுக்குப் பயன்படுவது. அது டப்ளினில் கிடைக்காவிட்டால் கையால் செய்யுங்கள். இந்த வார இறுதியில் செய்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

11 பிப்ரவரி

"பை பை என்கிறீர்களே, மஞ்சப்பையா" என்று கேட்ட கோயம்புத்தூர்க்காரருக்கு: சரி, இனிமேல் பீத்தா என்றே எழுதுகிறேன். கிரேக்கர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். கடையில் விற்கும் பிட்டா ரொட்டிக்கும் அதே சொல்தான், அந்தக் குழப்பத்துக்கு என்னிடம் மருந்து இல்லை.

15 பிப்ரவரி, சனி

தோல்வி எண் ஒன்று.

செக் கடைகளில் மைதா மூன்று நிலையில் வரும். ஹ்லத்கா என்றால் வழவழப்பு, பொலோஹ்ருபா என்றால் பாதிச் சொரசொரப்பு, ஹ்ருபா என்றால் முழுச் சொரசொரப்பு. எல்லாம் கோதுமைதான், அரைப்பின் அளவுதான் வேறு. ஹ்ருபாவில் அந்தப் பெரிய க்னெத்லீக் உருண்டை செய்வார்கள். அலமாரியில் இருந்த பாக்கெட்டைப் பார்க்காமல் எடுத்துப் பிசைந்தேன். கையில் மணல் மாதிரி இருந்தது, அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். இழுத்தால் மீன் வலை மாதிரி ஓட்டை ஓட்டையாக வந்தது.

வீச்சுப் பரோட்டா போடும் ஊரில் பிறந்தவன் என்ற திமிர் எனக்கு இருந்தது. பரோட்டா மாஸ்டரை வேடிக்கை பார்த்தவனுக்கும் பரோட்டா மாஸ்டருக்கும் வித்தியாசம் இருக்கிறது.

அந்த மாவைச் சப்பாத்தி போட்டுச் சாப்பிட்டோம். சப்பாத்தியும் சரியில்லை.

16 பிப்ரவரி

விதை பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அதன் பெயர் க்மீன். இது ஒரு தனிச் சோகக் கதை.

இங்கே வந்த முதல் மாசம், சீரகம் தேடினேன். அகராதியில் க்மீன் என்று போட்டிருந்தது. கடைக்குப் போனால் அலமாரி முழுக்க க்மீன். இந்த ஊர்க்காரர்கள் இவ்வளவு சீரகம் சாப்பிடுகிறார்களே என்று சந்தோஷம். ரசம் வைத்தேன். பல் டாக்டர் கிளினிக் வாசனை வந்தது. க்மீன் என்பது சீரகமே இல்லை, சீமைச் சோம்பு. நம் சீரகத்தை இவர்கள் ர்ஷிம்ஸ்கி க்மீன் என்பார்கள், ரோமாபுரி க்மீன். அது அந்த அலமாரியிலேயே கீழ்வரிசையில் ஒரு சின்னப் பாக்கெட்டில் இருந்தது.

யாயாவிடம் இதைச் சொன்னபோது அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கிரேக்கத்தில் கிமினோ என்றால் நம் சீரகம்தானாம். ஒரே சொல்லின் இரண்டு பிள்ளைகள், இரண்டும் வேறு வேறு வீட்டில் வளர்ந்தவை.

ஆக, புளித்த கோஸ் பீத்தாவில் சீமைச் சோம்பு இருப்பதே அது செக் பூரணம் என்பதற்கு அத்தாட்சி. 9-ம் தேதி சொன்னதில் மாற்றமில்லை.

22 பிப்ரவரி, சனி, நள்ளிரவு

9-ம் தேதி சொன்னதில் பாதி தப்பு.

இன்று யாயா வீட்டில் மூன்று மணி நேரம். "ஹ்ருபாவில் இழுத்தாயா?" என்று கேட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்கு ஃபோன் போட்டு அதையும் சொல்லிச் சிரித்தார். பிறகு மேசை மேல் ஒரு பழைய துணியை விரித்து, மாவு தூவினார்.

நான் கேட்டேன், இதுதானே உங்கள் ஊர் ஃபிலோ?

"எங்க ஊர் ஃபிலோவை இழுக்க மாட்டாங்க. உருட்டுவாங்க. கை நீளத்துக்கு, விரல் தடிமனுக்கு ஒரு குச்சி இருக்கும், பிளாஸ்திஸ்னு பேரு. மாவை அதுல சுத்திச் சுத்தி உருட்டுவாங்க. எங்கம்மா பண்றதைப் பார்த்திருக்கேன். நான் பண்ணினதில்லை. எட்டு வயசுல கிளம்பியாச்சு."

அப்படியென்றால் இழுப்பதை யாரிடம் கற்றுக்கொண்டீர்கள்?

"அகதிப் பிள்ளைங்க விடுதிச் சமையல்காரம்மா. மொராவியாக்காரி. ஞாயித்துக்கிழமை ஆப்பிள் ஸாவின் போடுவா. நான் மேசைக்கு அந்தப் பக்கம் நின்னு மாவைப் பிடிச்சுக்குவேன்."

அதாவது, நான் கிரேக்கம் என்று அடித்துச் சொன்ன மாவு, செக் மாவு. (மொராவியா இந்த நாட்டின் கிழக்குப் பகுதி, பிர்னோவும் அதில்தான்.) வியன்னாவிலிருந்து ஆண்ட பழைய ஹாப்ஸ்பர்க் பேரரசின் ஸ்ட்ரூடல் மாவு. (அந்த ஸ்ட்ரூடலுக்கு வியன்னாவில் 1696-ம் வருஷக் கையெழுத்துச் செய்முறை இருக்கிறது. அந்த மாவே துருக்கியர்களின் சமையலறையிலிருந்து ஹங்கேரி வழியாக வந்தது என்று உணவு வரலாறு எழுதும் பலர் சொல்கிறார்கள். அப்படியானால் ஃபிலோவும் ஸ்ட்ரூடலும் பங்காளிகள். ஆனால் யாயாவின் கைக்கு அது வந்த வழி மொராவியச் சமையல்காரம்மாதான்.)

பின்கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. கிரேக்க உள்நாட்டுப் போர் 1946 முதல் 1949 வரை. 1948-ல் வடக்கு மலைக் கிராமங்களிலிருந்து குழந்தைகளை எல்லை தாண்டிக் கம்யூனிஸ்ட் நாடுகளுக்குக் கொண்டுபோனார்கள். குழந்தைகளோடு கிராமத்துப் பெண்களும் கூடப் போனார்கள், அவர்களை மானா, அதாவது அம்மா என்றே கூப்பிட்டார்கள். பெரியவர்கள் பிறகு வந்தார்கள். செக்கோஸ்லோவாக்கியாவுக்கு மட்டும் 12,000 பேருக்கு மேல். கிரேக்கம் பேசியவர்களும் உண்டு, மாசிடோனிய மொழி பேசியவர்களும் உண்டு. 1945-க்குப் பிறகு ஜெர்மானியர்களை வெளியேற்றிய எல்லைப்புற ஊர்களில், யெஸெனீக், க்ர்னோவ் பக்கம், காலியாகக் கிடந்த வீடுகளில் பலரைக் குடியேற்றினார்கள். 1974-ல் கிரேக்கத்தில் ராணுவ ஆட்சி விழுந்த பிறகு பெரும்பாலோர் திரும்பிப் போய்விட்டார்கள். 1982-ல் கிரேக்க அரசு அகதிகள் திரும்பலாம் என்று அறிவித்தது, ஆனால் "கிரேக்க வம்சாவளியினர்" மட்டும். யாயாவின் தங்கை போனார். யாயா போகவில்லை, கல்யாணம் செய்துகொண்டவர் மொராவியாக்காரர்.

யாயாவின் ஊர் வடக்குக் கிரேக்கத்தில் கஸ்தோரியா பக்கத்துக் கிராமம். மலை தாண்டி நடந்து, பிறகு ரயில். அதைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை. விடுதியில் முதல் நாள் மதியம் பழம் வைத்த இனிப்பு உருண்டை போட்டார்களாம், மேலே சர்க்கரை தூவி. இது பண்டம், சாப்பாடு பின்னால் வரும் என்று குழந்தைகள் தட்டை வைத்துக்கொண்டு காத்திருந்தார்களாம். சாப்பாடு வரவில்லை. அதுதான் சாப்பாடு. "அதை மட்டும் இன்னும் மன்னிக்கலை" என்றார்.

23 பிப்ரவரி

ஃபெட்டா என்ற கிரேக்க உப்புநீர்ப் பாலாடைக்கட்டி பற்றி. டென்மார்க் அந்தப் பெயரை இழந்ததே என்று கோபன்ஹேகன் நண்பர் கொதித்துப்போய் எழுதியிருக்கிறார். அவர் கோபம் புரிகிறது. 2002-ல் ஐரோப்பிய ஒன்றியம் ஃபெட்டா என்ற பெயரைக் கிரேக்கத்துக்கு மட்டும் என்று ஒதுக்கியது. டென்மார்க்கும் ஜெர்மனியும் வழக்குப் போட்டன, 2005-ல் நீதிமன்றம் கிரேக்கத்தின் பக்கம் சொன்னது. குறைந்தது 70 சதவீதம் செம்மறிப் பால், மீதி வெள்ளாட்டுப் பால் இருக்கலாம், பசும்பால் கூடாது.

ஆனால் யாயாவின் பீத்தாவில் ஃபெட்டா இல்லை. செக் கடையில் பசும்பாலில் செய்த உப்புநீர்ப் பாலாடைக்கட்டி ஒன்று உண்டு, பல்கான்ஸ்கி சீர். சீர் என்றால் செக் மொழியில் பாலாடைக்கட்டி. (மாப்பிள்ளை வீட்டுக்குச் சீர் கொண்டுபோனேன் என்று யாராவது ஆரம்பித்தால் இழையைப் பூட்டிவிடுவேன்.) இந்த ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளில் பல்கேரியாவின் ஷோப்ஸ்கி சாலட் மேல் துருவி மலையாகக் குவிப்பதும் இதைத்தான். அந்தக் காலத்தில் அதுவும் கிடைக்காதபோது த்வாரோஹில் உப்பைப் போட்டுப் பிசைந்து வைத்தாராம். த்வாரோஹ் நம் பனீரை விட ஈரமானது, லேசான புளிப்பு. இப்போது இரண்டும் போடுகிறார். ஃபெட்டா வாங்கித் தரட்டுமா என்றேன். "எதுக்கு? அப்புறம் வேற மாதிரி இருக்கும்."

24 பிப்ரவரி

ஒரு பயங்கரமான விஷயம். யாயா தட்டில் தடவுவது எண்ணெய் என்று நினைத்திருந்தேன். சனிக்கிழமை டப்பாவைப் பார்த்தேன். ஸாத்லோ. பன்றிக் கொழுப்பு.

என் மனைவி சைவம். நாலு வருஷமாக இந்தப் பீத்தாவைச் சாப்பிடுகிறாள். அவள் இந்த இழையைப் படிப்பதில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

25 பிப்ரவரி

படிக்கிறாள்.

28 பிப்ரவரி

நலம் விசாரித்தவர்களுக்கு நன்றி. யாயாவே கீழே வந்து மன்னிப்புக் கேட்டார், கூடவே சூரியகாந்தி எண்ணெய் தடவிச் செய்த ஒரு பீத்தாவும் கொண்டுவந்தார். மனைவி பழையதுதான் நன்றாக இருந்தது என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டாள். எனக்குத் தெரியும், நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

3 மார்ச், திங்கள்

9-ம் தேதி சொன்னதில் மிச்சப் பாதியும் தப்பு.

இன்று கிரேக்கர்களுக்குத் தூய திங்கள், நோன்பு ஆரம்பம். யாயா கோயிலுக்குப் போகிறவர் இல்லை, அப்பா கம்யூனிஸ்ட் கட்சிக்காரர், இவரும் அப்படியே வளர்ந்தவர். ஆனாலும் இன்றைக்குப் பாலாடைக்கட்டி கிடையாது, முட்டை கிடையாது. லீக்ஸும் (தடித்த வெங்காயத்தாள் மாதிரி ஒரு காய்) கோஸும் மட்டும் வைத்த பீத்தா.

பேச்சுவாக்கில் நான், "செக்காரர்கள் புளித்த கோஸைக் கொடுத்தார்கள், நீங்கள் அதை பீத்தாவுக்குள் வைத்தீர்கள்" என்றேன். இந்த இழையில் எழுதிய வாக்கியத்தை அப்படியே செக்கில் சொல்லிக் காட்டினேன், பெருமைதான். யாயா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"யார் கொடுத்தாங்க? எங்க வீட்டு நிலவறையில பீப்பாய் இருந்துச்சு. முழு முழுக் கோஸா உப்புத் தண்ணியில போட்டு வைப்பாங்க. அர்மியா. பனிக்காலம் பூரா அதுதான். கிறிஸ்துமஸுக்கு அந்த இலையில கறியையும் அரிசியையும் சுருட்டிச் சமைப்பாங்க. மிச்சம் மீதி பீத்தாவுக்குள்ள போகும்."

கடல், எலுமிச்சை, ஆலிவ் மரம். கிரேக்கம் என்றதும் என் மண்டையில் ஓடுவது சுற்றுலா விளம்பரம். கஸ்தோரியாவில் பனி கொட்டும் என்பது அதில் வராது. கொஸானி, கஸ்தோரியா பக்கமெல்லாம் மலை, குளிர்காலத்தில் பச்சைக் காய் கிடையாது, கோஸைப் புளிக்க வைக்காமல் எப்படி ஓட்டுவது? யாயா விடுதிக்கு வந்தபோது தெரிந்த ருசி என்று அவருக்கு இருந்த ஒரே பண்டம் புளித்த கோஸ்தானாம். உருண்டை புதுசு, டில் கீரை போட்ட பால்குழம்பு புதுசு. கோஸ் மட்டும் வீட்டு வாசனை. நறுக்கின விதம்தான் வேறு: அங்கே முழுசாக, இங்கே சன்னமாகச் சீவி.

ஆகத் திருத்தம்: மாவு செக், கோஸ் கிரேக்கம். நான் சொன்னதற்கு நேர் தலைகீழ். டப்ளின் அம்மணி, முதல் நாளே என்னை நம்பி யாரிடமாவது சொல்லியிருந்தால் திருப்பி வாங்கிக்கொள்ளவும்.

4 மார்ச்

"அப்படியானால் அந்த க்மீன்?" என்று மூன்று பேர் மடக்கியிருக்கிறீர்கள். அதையும் கேட்டேன். யாயா அதைப் போடுவதே இல்லையாம். இந்த ஊரில் கோஸைப் புளிக்க வைக்கும்போதே உப்போடு சீமைச் சோம்பையும் பீப்பாயில் போட்டுவிடுவார்கள். கோஸோடு ஒட்டிக்கொண்டு அதுவாக வருகிறது. ஆரம்பத்தில் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்தாராம், மூக்குக்கு ஆகவில்லை. "அப்புறம் பிள்ளைங்க பொறந்துச்சு. யாருக்குப் பொறுக்க நேரம்?"

8 மார்ச், சனி

செய்துவிட்டேன். வெற்றி. அளவுகள், கேட்டவர்களுக்காக.

மாவுக்கு: ஹ்லத்கா மைதா 300 கிராம் (வேறு ஊரில் சாதாரண மைதா), வெதுவெதுப்பான தண்ணீர் 150 மில்லி, சூரியகாந்தி எண்ணெய் 3 மேசைக்கரண்டி, வினிகர் 1 மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. வினிகர் மாவை முறுக்கிக்கொள்ளாமல் நெகிழ வைக்கும். பத்து நிமிஷம் பிசைய வேண்டும், காது மடல் மாதிரி ஆகும்வரை. பிறகு எண்ணெய் தடவி, ஒரு பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக் கொட்டிவிட்டு, அந்தச் சூடான பாத்திரத்தை மாவின் மேல் கவிழ்த்து ஒரு மணி நேரம். இந்தக் கவிழ்ப்பு செக் பாட்டிமார் வித்தை. சும்மா துணி போட்டு மூடியும் பார்த்தேன், இழுக்கும்போது முரண்டு பிடித்தது.

பூரணத்துக்கு: புளித்த கோஸ் அரைக் கிலோ. எங்கள் ஊரில் ஸெல்னீ த்ர்ஹ் என்று ஒரு சதுக்கமே இருக்கிறது, கோஸ் சந்தை என்று அர்த்தம், இன்றும் காய்கறிக் கடைகள் போடுகிறார்கள், அங்கே வாங்கினேன். பிழிய வேண்டும். பிழிந்தேன் என்று நினைத்த பிறகு இன்னொரு முறை பிழிய வேண்டும். லீக்ஸ் இரண்டு, பச்சைப் பகுதியோடு பொடியாக நறுக்கி, எண்ணெயில் வதக்கி, கோஸையும் போட்டு ஈரம் வற்றும்வரை கால் மணி நேரம். ஆறினதும் த்வாரோஹ் 250 கிராம், பல்கான்ஸ்கி சீர் 150 கிராம், ஒரு முட்டை (விடலாம்), மிளகு, ஒரு கைப்பிடி டில்.

டில் என்பது நம் சதகுப்பை. நாட்டு மருந்துக் கடையில் விதையாகப் பார்த்திருப்பீர்கள், இங்கே அது கீரை. செக்காரர்கள் பால்குழம்பில் போடுகிறார்கள், கிரேக்கர்கள் பீத்தாவில். இது ஒன்றில்தான் இரண்டு பேருக்கும் சண்டையே இல்லை.

ஈரத்துக்குக் காவல் இரண்டு. கிரேக்க வழி: பூரணத்தில் இரண்டு கரண்டி ரவை. செக் வழி: இழுத்த மாவின் மேல் வெண்ணெயில் வறுத்த ரொட்டித்தூள் தூவுவது. யாயா இரண்டையும் செய்கிறார். டப்ளின் கூழுக்கு இதுதான் மருந்து என்று நினைக்கிறேன்.

இனி இழுப்பு. மோதிரத்தைக் கழற்றுங்கள். துணி மேல் மாவு தூவி, மாவைக் கட்டையால் தட்டு அகலத்துக்குத் தேயுங்கள். அதற்கு மேல் கட்டை வேண்டாம். இரண்டு கையையும் முஷ்டியாக்கி, புறங்கை மேலாக, அடியில் நுழைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு மெதுவாக நகர்த்த வேண்டும். விரல் நுனி பட்டால் கிழியும். மேசையைச் சுற்றிச் சுற்றி வரவேண்டும், பிரதட்சிணம் மாதிரி. யாயா சூப்பர் மார்க்கெட் விளம்பரத் தாளைத் துணிக்கும் மாவுக்கும் நடுவில் நழுவவிட்டார். "வெண்ணெய் விலை தெரியுதா?" எழுத்து தெரிந்தது, எண் தெரியவில்லை. "இன்னும் இழு." இழுத்தேன். விலை தெரிந்தது. "ஐயோ, மூடு மூடு" என்றார். இந்த வருஷம் வெண்ணெய் விற்கும் விலை அப்படி.

தோராயமாக 80 சென்டிமீட்டருக்கு 60 வரும். ஓரத்தில் தடித்திருக்கும் விளிம்பை வெட்டி எறியுங்கள். எண்ணெய் தெளித்து, ரொட்டித்தூள் தூவி, நீளப் பக்கத்தில் பூரணத்தை வரிசையாக வைத்து, துணியைத் தூக்கினால் அதுவே பாயாகச் சுருண்டு போகும். இதுவரை ஸாவின். இப்போது அந்த நீளச் சுருளை வட்டத் தட்டில், 26 சென்டிமீட்டர், நத்தையாகச் சுற்றுங்கள். இது கிரேக்கம், ஸ்த்ரிஃப்தி, முறுக்கியது என்று அர்த்தம். ஸ்ட்ரூடல் என்ற ஜெர்மன் சொல்லுக்கும் நீர்ச்சுழல் என்றுதான் பொருள், ஆனால் ஸ்ட்ரூடல் நேராகக் கிடக்கும்.

மேலே எண்ணெய் தடவி, கையால் தண்ணீர் தெளித்து, ஓவனின் கீழ்த்தட்டில் 200 டிகிரியில் கால் மணி, பிறகு 180-ல் முப்பத்தைந்து நிமிஷம். எடுத்த பிறகு மூடி வைக்காதீர்கள். மூடினால் ஆவி இறங்கி மொறுமொறுப்பு போய்விடும்.

என்னுடையது ஒரு இடத்தில் வெடித்திருந்தது. யாயா அந்த இடத்தைத்தான் முதலில் எடுத்துச் சாப்பிட்டார்.

9 மார்ச்

விடுபட்ட பதில்கள். ஏர் ஃப்ரையரில் செய்யலாமா: நான் செய்ததில்லை, சின்னச் சின்ன நத்தையாகச் சுற்றினால் வரலாம். வெறும் முட்டைக்கோஸில் செய்யலாமா: செய்யலாம், உப்பிட்டு வைத்துப் பிழிந்துவிடுங்கள், புளிப்புக்கு எதுவும் ஊற்ற வேண்டாம், அது வேறு பண்டம். "யாயா என்பது நம் சங்கத் தமிழ் யாய் அல்லவா, கிரேக்கர்கள் நம்மிடமிருந்து..." என்று நாற்பது வரி எழுதிய நண்பருக்கு: பீத்தா ஆறுகிறது, வந்து சாப்பிடுங்கள்.

20 ஏப்ரல், ஞாயிறு

ஆறு வாரம் கழித்து இழையைத் தூசி தட்டுகிறேன், காரணம் காஞ்சொறி.

இந்த வருஷம் மேற்கத்திய ஈஸ்டரும் ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டரும் ஒரே நாளில், இன்றைக்கே, வந்துவிட்டன. வியாழக்கிழமை செக்காரர்களுக்குப் பச்சை வியாழன். அன்று ஏதாவது பச்சையாகச் சாப்பிட வேண்டும் என்பது வழக்கம். (வியாழனுக்குச் செக் சொல் ச்த்வ்ர்தெக். உச்சரித்துப் பாருங்கள், பல் பத்திரம்.) ஈஸ்டருக்கு ரொட்டி, முட்டை, இறைச்சி போட்டு வேகவைக்கும் நாதிவ்கா என்ற பண்டத்தில் இளங்காஞ்சொறியைக் கிள்ளிப் போடுவார்கள். நம்மூர்க் காஞ்சொறி வேறு செடி, ஆனால் அரிப்பு ஒன்றேதான்.

முந்தாநாள் யாயா கையுறையோடு என்னை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனார். நுனியில் நாலு இலை மட்டும் கிள்ளச் சொன்னார். கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்தால் கடி போய்விடுகிறது. அதை லீக்ஸோடும் டில்லோடும் பீத்தாவுக்குள் வைத்தோம், நோன்பு என்பதால் பாலாடைக்கட்டி இல்லாமல், ரவை மட்டும். கீரை மாதிரியும் இல்லை, வேறு எது மாதிரியும் இல்லை, மழை பெய்த மண் வாசனை.

நான் இந்தத் தடவை ஜாக்கிரதையாக இருந்தேன். காஞ்சொறி செக்கா கிரேக்கமா என்று வாய் திறக்கவில்லை. அவராகவே சொன்னார்: ஊரில் அம்மாவும் வசந்தத்தில் காஞ்சொறி பீத்தா செய்வார்களாம். விடுதிச் சமையல்காரம்மா முதன்முதலில் பிள்ளைகளைக் காஞ்சொறி கிள்ளக் கூட்டிப்போனபோது, யாருக்கும் மொழி தெரியாது, ஆனால் எந்த நுனியைக் கிள்ள வேண்டும் என்று எல்லாக் குழந்தைக்கும் தெரிந்திருந்ததாம். சமையல்காரம்மா கையுறையை எடுத்துக் கொடுப்பதற்குள் கூடை நிரம்பிவிட்டதாம்.

என் கை இரண்டு நாளாக எரிகிறது. கையுறையில் ஓட்டை.

27 ஏப்ரல்

டப்ளின் அம்மணி படம் போட்டிருக்கிறார். அடி மொறுமொறுப்பாக இருக்கிறது. நத்தைதான் இடப்பக்கம் சுற்றியிருக்கிறது, பரவாயில்லை. யாயாவிடம் காட்டினேன், "இந்தப் பொண்ணு விளிம்பை வெட்டலை" என்றார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெட்டவில்லைதான்.

28 ஏப்ரல்

அவசரத் திருத்தம்: 8 மார்ச் குறிப்பில் உள்ள அரைத் தேக்கரண்டி உப்பு மாவுக்கு மட்டும். பூரணத்தில் உப்பே போடாதீர்கள், கோஸிலும் சீரிலும் வேண்டிய மட்டும் இருக்கிறது. இரண்டு பேர் போட்டுவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.